செயற்கைக்கோள் பொலிவு: பார்த்ததும் கணிப்பும் ஒத்துப்போகவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மென்பொருள் தந்த கணிப்பில் செயற்கைக்கோளின் மேக்னிட்யூட் (பொலிவைச் சொல்லும் எண்) 2.1 என்று போட்டிருக்கிறது. நீங்கள் பார்த்ததோ 4-ஐ விட மங்கல். கணிப்பு தப்பா, கண் தப்பா, இல்லை செயற்கைக்கோள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டதா? பொலிவை அளக்கத் தொடங்கும் எல்லாரும் முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். நானும் நின்றேன். என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தால், கண் அநேகமாகச் சரியாகவே பார்த்திருக்கிறது. கெட்டுப்போனதெல்லாம் கண்ணுக்கும் காகிதத்துக்கும் நடுவில்தான்: ஓடாத கடிகாரம், நம்பக்கூடாத நட்சத்திரம், ஆள் மாறிய செயற்கைக்கோள். எல்லாவற்றையும் விட மோசம், கணித்த எண்ணை முன்கூட்டியே பார்த்துவிட்டு அதற்கு ஏற்றபடி "ஆமாம், 2.1 இருக்கும்" என்று எழுதிக்கொள்வது.

அதனால் ஒரு பழக்கத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். கணிப்பில் நேரத்தையும் பாதையையும் மட்டும் பாருங்கள், மேக்னிட்யூட் இருக்கும் கட்டத்தை மூடிவிடுங்கள். எந்த நட்சத்திரத்தோடு ஒப்பிட்டீர்கள், எந்த நொடியில், வானத்தின் எந்த இடத்தில் என்று அங்கேயே எழுதுங்கள். திருத்தங்களை எல்லாம் மறுநாள் வேறு பத்தியில் போடலாம். கண்ட எண்ணை அழித்து அதன் மேல் திருத்திய எண்ணை எழுதினால், பிழை எங்கே என்று பிறகு யாராலும் தேட முடியாது.

புதியவர்களுக்கு ஒரு வரி: மேக்னிட்யூட் எண் குறையக் குறையப் பொலிவு கூடும். 5 மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் 100 மடங்கு, 1 என்றால் சுமார் 2.5 மடங்கு.

சொன்ன நேரத்தில் ஒன்றுமே வரவில்லை

முதலில் கடிகாரம். 550 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேலே போகும் செயற்கைக்கோள் நொடிக்கு 0.8 டிகிரி நகர்கிறது. உங்கள் கடிகாரம் அரை நிமிடம் பிந்தியிருந்தால், நீங்கள் அண்ணாந்து பார்க்கும் இடத்திலிருந்து அது 24 டிகிரி தாண்டிப் போயிருக்கும். தானாக நேரம் எடுத்துக்கொள்ளும் கைபேசி பொதுவாக நம்பகமானது. தனி ஜிபிஎஸ் கருவி வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். ஜிபிஎஸ்-இன் உள்நேரம் 2017 தொடக்கத்திலிருந்து யூடிசி-யை (உலகப் பொது நேரத்தை) விட 18 நொடி முந்தி ஓடுகிறது. பெரும்பாலான கருவிகள் இதைக் கழித்துக் காட்டும். சில கருவிகள், முக்கியமாக இயக்கிய முதல் சில நிமிடங்களில், கழிக்காமல் காட்டும். 18 நொடி என்றால் வானத்தில் 14 டிகிரி. கையை நீட்டிப் பிடித்த முஷ்டி ஒன்றரை அகலம்.

கடிகாரம் சரி என்றால், சுற்றுப்பாதைத் தரவு. டிஎல்ஈ என்று சொல்கிறோமே, அந்த இரண்டு வரி எண்கள். தாழப் பறப்பவற்றுக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் பழையதை வைத்துக்கொள்ளாதீர்கள். சூரியன் குமுறும் காலத்தில் மேல் காற்றுமண்டலம் உப்பி, இழுவை கூடிவிடும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 இப்படிப்பட்ட ஒரு காந்தப் புயலில் சிக்கி, உயர முடியாமல் விழுந்தன. விழாதவற்றின் தரவும் அந்த நாட்களில் சீக்கிரம் ஊசிப்போகும்.

நேரம் தப்பா, தரவு தப்பா, ஆளே தப்பா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எதிர்பார்த்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பிருந்தே பாதையின் நடுப்பகுதியில் கண்ணை வையுங்கள். அது சரியான பாதையில், ஆனால் முன்னாலோ பின்னாலோ வந்தால், கடிகாரமோ பழைய தரவோ காரணம். பாதையே தள்ளிப் போனால், மென்பொருளில் உங்கள் இடத்தைத் தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது அது வேறொன்று. இன்னொரு விஷயம்: காற்று இழுத்தால் செயற்கைக்கோள் பிந்தி வரும் என்றுதான் தோன்றும். நடப்பது தலைகீழ். இழுவையால் அது தாழ இறங்குகிறது, தாழ்ந்த பாதையில் ஒரு சுற்று சீக்கிரம் முடிகிறது, அதனால் முந்தியே வந்துவிடுகிறது. எதிர்பாராத அளவுக்கு முந்தி வந்தால் இழுவையைச் சந்தேகியுங்கள்.

வந்தது, ஆனால் நடுவானில் அணைந்துவிட்டது

பிழை இல்லை. பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. சில நொடிகளில் மங்கி, சில சமயம் கடைசியில் லேசாகச் சிவந்து, மறையும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 22 டிகிரி இறங்கும்போது, உங்கள் உச்சிக்கு நேர் மேலே நிழல் 500 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டிருக்கும். 30 டிகிரி இறங்கினால் 1000 கிலோமீட்டர். இதை மனதில் வைத்துக்கொண்டால், நள்ளிரவில் தாழப் பறக்கும் ஒன்றை உச்சியில் தேடி ஏமாற மாட்டீர்கள்.

இதில் அளவுக்கு ஆபத்து ஒன்றே ஒன்று. மறைவதற்கு முந்தைய கடைசி சில நொடிகளில் எடுத்த மதிப்பு செயற்கைக்கோளின் பொலிவே கிடையாது. பாதி மறைந்த சூரியனின் பொலிவு. அதை எழுதுங்கள், ஆனால் பக்கத்தில் "நிழல் வாசல்" என்று குறித்து, சராசரியில் சேர்க்காதீர்கள்.

திடீரென்று பளிச்சிட்டது

கண்ணை நம்புங்கள். தட்டையான ஏதோ ஒரு பரப்பு கண்ணாடி போல ஒரு கணம் சூரியனை உங்கள் பக்கம் திருப்பியது. பழைய இரிடியம் செயற்கைக்கோள்களின் கதவளவு அலைவாங்கிகள் இப்படி –8 வரைக்கும் மின்னின. அந்த நொடி வரை கணித்துச் சொல்ல முடிந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக இறக்கப்பட்டுவிட்டன. பதிலுக்கு வந்த புதியவை அப்படி மின்னுவதில்லை. பழைய ஆட்கள் இன்னும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவோம்.

இப்போது அடிக்கடி வரும் கேள்வி வேறு: சூரியன் மறைந்த திசையில், அல்லது விடியலுக்கு முன் உதிக்கப்போகும் திசையில், தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலே ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளிகள் பளிச்சிட்டு அணைகின்றன, ஒரே இடத்தில். பெரும்பாலும் ஸ்டார்லிங்க். தட்டையான அடிப்பகுதி, தாழ்ந்த கோணத்தில் வரும் வெயிலை முன்பக்கமாகத் தெறிக்கவிடுகிறது. விமானிகளே இதைப் பார்த்துக் குழம்பிப் புகார் கொடுத்திருக்கிறார்கள். பளிச்சிடலின் உச்ச மதிப்பு, உச்சத்தின் நேரம், அரைப் பொலிவுக்கு மேலே எத்தனை நொடி நீடித்தது: இந்த மூன்றும் போதும்.

விட்டுவிட்டு மின்னுகிறது

சிவப்பு, பச்சை தெரிந்தால் விமானம். ஒரே இடைவெளியில் வெடுக் வெடுக்கென்று வெள்ளையாக அடித்தாலும் விமானமாகவே இருக்கும். பைனாகுலரை எடுத்துப் பாருங்கள், இரண்டு மூன்று விளக்காகப் பிரியும்.

நிறமில்லாமல், ஏறி இறங்கி, சில நொடிகள் முழுக்கக் காணாமல் போய் மறுபடி வந்தால், அது கரணம் போடும் ராக்கெட் பாகமாகவோ செத்துப்போன செயற்கைக்கோளாகவோ இருக்கும். இங்கே மேக்னிட்யூடை விடச் சுழற்சிக் காலம்தான் ருசி. ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் வழுக்குவார்கள். நிறுத்துகடிகாரத்தை முதல் மின்னலில் அழுத்தி "ஒன்று" என்று எண்ணத் தொடங்கி, இருபதில் நிறுத்தி, நேரத்தை 20-ஆல் வகுப்பார்கள். இருபது மின்னலுக்கு நடுவில் இடைவெளி 19 தான். முதல் மின்னலை "சுழி" என்று எண்ணுங்கள், தகராறு தீர்ந்தது. நான் இதை ஒரு பழைய கோஸ்மோஸ் ராக்கெட்டில் கற்றுக்கொண்டேன். அது ஐந்து சதவீதம் வேகமாகச் சுழல ஆரம்பித்துவிட்டது என்று நண்பர்களிடம் பரபரப்பாகச் சொல்லிவிட்டு, மறுநாள் வாயை மூடிக்கொண்டேன்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் காலம் திடீரென்று இரட்டிப்பானால், ஒன்றுவிட்டு ஒன்று மின்னல்கள் மங்கலாகி உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கும். உருளைக்கு இரண்டு பக்கம். இரண்டும் ஒரே மாதிரி மின்ன வேண்டிய கட்டாயம் இல்லை. வானத்தைக் கடக்கும் ஒரே வருகையில் காலம் மெல்ல நீண்டோ சுருங்கியோ போனால் அதுவும் இயல்பே: நீங்கள் பார்க்கும் கோணம் நொடிக்கு நொடி மாறுவதால், சுழற்சி அதேதான் என்றாலும் மின்னல் உங்களை வந்து சேரும் இடைவெளி மாறும். உச்சிக்கு அருகே இது கூடுதலாகத் தெரியும்.

எண் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது

ஒவ்வொரு இரவும் கணிப்பை விட அரை, முக்கால் மேக்னிட்யூட் மங்கலாகவே வருகிறதா? ஒரே பக்கமாகச் சாயும் பிழை நல்ல பிழை, காரணம் ஒன்றுதான் இருக்கும், தேடிப் பிடித்துவிடலாம்.

முதல் சந்தேகம் காற்று. செயற்கைக்கோளைத் தொடுவானத்துக்கு மேலே 15 டிகிரியில் பார்த்துவிட்டு, 60 டிகிரியில் இருக்கும் நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? உச்சியில் ஒரு பங்கு காற்று என்றால், 60 டிகிரியில் 1.15 பங்கு, 15 டிகிரியில் 3.8 பங்கு. ஒரு பங்குக்கு 0.25 மேக்னிட்யூட் விழுங்குகிறது என்று வைத்தாலும் (தெளிந்த வானத்துக்கே இது சாதாரணம்) வித்தியாசம் 0.66. உங்கள் முக்கால் மேக்னிட்யூட் அங்கேதான் போயிருக்கிறது. கணக்கைத் திருத்துவதை விட நட்சத்திரத்தை மாற்றுவது மேல்: செயற்கைக்கோளின் உயரத்திலேயே, ஐந்து பத்து டிகிரிக்குள் இருப்பதைப் பிடியுங்கள். 20 டிகிரிக்குக் கீழே நான் மதிப்பே எடுப்பதில்லை.

இரண்டாவது, கணிப்பு எதை வைத்துக் கணிக்கிறது என்பது. பட்டியல்களில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு "தர மேக்னிட்யூட்" இருக்கும். 1000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் எவ்வளவு பொலிவு என்பது. 1000 கிலோமீட்டர் என்பதில் எல்லாரும் ஒத்துப்போவார்கள். ஆனால் ஒரு பட்டியல் அதைப் பாதி ஒளிர்ந்த நிலைக்குச் சொல்லும், இன்னொன்று முழுதாக ஒளிர்ந்த நிலைக்கு. இரண்டையும் கலந்தால் ஒரு மேக்னிட்யூடுக்கு மேலேயே சாயும். பட்டியலின் தலைப்பை வாசித்துவிட்டு எண்ணை எடுங்கள். போதாததற்கு, பல மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரு மங்கலான பந்தாக நினைத்துக் கணக்குப் போடுகின்றன. சூரியத் தகடும் அலைவாங்கியும் பந்து மாதிரியா நடந்துகொள்ளும்?

ஒரே செயற்கைக்கோள், இரவுக்கு ஒரு எண்

தூரத்தைக் கழித்தீர்களா? அதுதான் முதல் கேள்வி. கணக்கு எளிது: கண்ட மேக்னிட்யூடிலிருந்து, தூரத்தை 1000-ஆல் வகுத்து மடக்கை எடுத்து 5-ஆல் பெருக்கி வந்ததைக் கழிக்க வேண்டும். 700 கிலோமீட்டரில் 4.0 என்று பார்த்தால், 1000-க்கு மாற்றியது 4.8. மறுநாள் அதே 1400 கிலோமீட்டரில் 5.5 என்று தெரிந்தால், மாற்றியதும் 4.8. கண்ணுக்கு ஒன்றரை மேக்னிட்யூட் வித்தியாசமாகத் தெரிந்தது, தூரத்தைக் கழித்ததும் காணாமல் போய்விட்டது. தூரம் என்றால் உங்களிடமிருந்து செயற்கைக்கோளுக்கு உள்ள சாய்வான தூரம், தரைக்கு மேலே உள்ள உயரம் இல்லை. இந்த இரண்டையும் மாற்றிப் போடுபவர்கள் நிறைய.

தூரத்தைக் கழித்தும் எண் துள்ளினால், வெயில் படும் கோணம். மாலையில் கிழக்கு வானத்தில் போவது தன் வெயில் முகத்தை உங்களுக்குக் காட்டும், மேற்கில் போவது நிழல் முகத்தை. நிலாப் பிறை மாதிரிதான். சூரியன், செயற்கைக்கோள், நீங்கள் என்ற மூன்று புள்ளிகளில் நடுப்புள்ளியில் உண்டாகும் கோணத்தை மென்பொருளிலிருந்து எடுத்து, ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் எழுதி, இருபது முப்பது சேர்ந்ததும் வரைபடம் போடுங்கள். துள்ளல் என்று நினைத்தது வளைவாக வந்து உட்காரும். உட்காராமல் போனால் அந்தச் செயற்கைக்கோளிடம்தான் விஷயம் இருக்கிறது.

உண்மையிலேயே மாறியும் இருக்கலாம். ஏவிய புதிதில் வரிசையாகப் போகும் ஸ்டார்லிங்க்கள் கண்ணைப் பறிக்கும். வேலை செய்யும் உயரத்துக்கு ஏறி, தகட்டின் நிலையை மாற்றிக்கொண்டதும் அதே செயற்கைக்கோள் பெரும்பாலும் வெறும் கண்ணுக்குத் தட்டுப்படாமலே போய்விடும். புளூவாக்கர் 3 என்ற செயற்கைக்கோள் இதற்கு எதிர்ப்பக்கம்: 2022 செப்டம்பரில் ஏவப்பட்டது, நவம்பரில் 64 சதுர மீட்டர் அலைவாங்கியை விரித்தது, விரித்ததும் 0.4 மேக்னிட்யூட் வரை ஏறியது. 550 கிலோமீட்டரில் பறப்பவை 7-ஐ விட மங்கலாக இருக்க வேண்டும் என்று வானியலாளர்கள் கேட்கிறார்கள். கிட்டத்தட்ட 400 மடங்கு மீறல். அதைக் கண்டு எழுதியவர்களில் பொழுதுபோக்குப் பார்வையாளர்களும் உண்டு. நீங்கள் துள்ளல் என்று அடித்துப்போடும் எண் சில சமயம் இப்படிப்பட்ட செய்தியாக இருக்கும், அதனால்தான் அழிக்காதீர்கள் என்கிறேன்.

ஒப்பிட்ட நட்சத்திரம் காலை வாரியது

2020 பிப்ரவரி. ஓரியனைக் கடந்து போனவற்றை எல்லாம் திருவாதிரையோடு ஒப்பிட்டு, அதன் மதிப்பை வழக்கம்போல 0.5 என்று வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மாதம் திருவாதிரை 1.6 வரை மங்கியிருந்தது, ஊரே பேசிக்கொண்டிருந்தது. நான் மட்டும் என் குறிப்பேட்டில் அதை 0.5-ஆகவே வைத்திருந்தேன். ஒரு மாதத்து வேலை முழுக்க ஒரு மேக்னிட்யூட் பொலிவாக ஏறிக் கிடந்தது. எந்த நட்சத்திரம் என்று எழுதி வைத்திருந்ததால் திருத்த முடிந்தது, அது மட்டுமே ஆறுதல்.

திருவாதிரை, கேட்டை, பெர்சியஸில் உள்ள அல்கோல் மூன்றையும் தொடாதீர்கள். அல்கோல் 2.9 நாளுக்கு ஒருமுறை 2.1-இலிருந்து 3.4 வரை இறங்கி ஏறும். முதலிரண்டும் மாறுவதோடு சிவப்பும் கூட; சிவப்பை உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குப் பொலிவு ஏறிக்கொண்டே போகும், அதனால் வெள்ளைச் செயற்கைக்கோளோடு ஒப்பிட ஏற்றதில்லை. நம்பிக்கையானவை: சித்திரை 1.0, மகம் 1.4, உத்திரம் 2.1, துருவ நட்சத்திரம் 2.0. சப்தரிஷி மண்டலம் ஒரு ஏணி மாதிரி கையில் கிடைக்கும். ஏழில் பொலிவானவை 1.8, மங்கலான மெக்ரெஸ் 3.3.

ஒரே நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு "அதை விடக் கொஞ்சம் மங்கல்" என்று எழுதினால் அந்தக் "கொஞ்சம்" ஆளுக்கு ஆள் மாறும். இரண்டைப் பிடியுங்கள். செயற்கைக்கோள் மகத்தை விட மங்கல், உத்திரத்தை விடப் பொலிவு. நடுவில் உள்ள இடைவெளியை ஐந்து படியாக நினைத்தால் மகத்திலிருந்து இரண்டாவது படி. இடைவெளி 0.7, அதில் ஐந்தில் இரண்டு 0.28, ஆக 1.7. பத்து இரவு பழகினால் இதைக் கண் தானாகவே செய்யும்.

சர்வதேச விண்வெளி நிலையம் மாதிரி –3, –4 என்று போவதற்கு இணையான நட்சத்திரம் வானத்தில் கிடையாது. வியாழனோ வெள்ளியோ இருந்தால் ஒப்பிடலாம். இல்லாவிட்டால், கிட்டப்பார்வைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: கண்ணாடியைக் கழற்றுங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு வட்டமாக மங்கிப் பரவும், பரவிய வட்டங்களை ஒப்பிடுவது கூசும் புள்ளிகளை ஒப்பிடுவதை விட எளிது. மற்றவர்கள் பைனாகுலரின் குவியத்தைக் கலைத்து அதே வேலையைச் செய்யலாம்.

படத்தில் கோடு விழவே இல்லை, விழுந்தாலும் நம்ப முடியாத மங்கல்

எக்ஸ்போஷரைக் கூட்டினால் கோடு பொலிவாகும் என்று நினைப்பது இயல்பு. ஆகாது. 24 மில்லிமீட்டர் லென்ஸ், 6 மைக்ரான் பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 0.8 டிகிரி போகும் செயற்கைக்கோள் ஒரு நொடியில் 55 பிக்சலைத் தாண்டிவிடும். அதாவது ஒரு பிக்சலில் அது நிற்பது நொடியில் 55-இல் ஒரு பங்கு. நீங்கள் 5 நொடி திறந்தாலும் 30 நொடி திறந்தாலும் அந்தப் பிக்சலுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். நட்சத்திரமோ முழு 5 நொடியும் கிட்டத்தட்ட அதே பிக்சலில் உட்கார்ந்து ஒளியைச் சேர்க்கிறது. 275 மடங்கு வித்தியாசம்; மேக்னிட்யூட் கணக்கில் சுமார் 6. கோட்டில் ஒரு புள்ளியை நட்சத்திரத்தின் உச்சப் புள்ளியோடு ஒப்பிட்டால் இந்த ஆறும் அப்படியே பிழையாக வந்து சேரும். எக்ஸ்போஷரை நீட்டினால் பின்னணி வானம் மட்டும் வெளுக்கும். லென்ஸின் துளையை அகலத் திறந்து, ஐஎஸ்ஓ-வை ஏற்றி, எக்ஸ்போஷரைச் சுருக்குங்கள்.

அளப்பதற்கு வழி: கோட்டின் இரண்டு முனையும் படத்துக்குள்ளேயே இருக்கும்படி எடுங்கள். கோடு முழுவதும் உள்ள ஒளியைக் கூட்டி, பின்னணியைக் கழித்து, அதே படத்து நட்சத்திரங்களின் மொத்த ஒளியோடு ஒப்பிடுங்கள். இரண்டுமே 5 நொடிகளில் சேர்ந்த ஒளி என்பதால் வேகம் கணக்கிலிருந்தே விலகிவிடும். கோடு படத்தின் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தால் இது செல்லாது. அப்போது கோட்டின் ஒரு துண்டை எடுத்து, அந்தத் துண்டைக் கடக்க எத்தனை நொடி ஆகியிருக்கும் என்று வேகத்திலிருந்து கணக்கிட்டு, அந்த நேரத்துக்குச் சரிசெய்ய வேண்டும்.

கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் அளந்து பாருங்கள். ஜேபெக் படம் ஒளியை நேர்விகிதத்தில் வைத்திருப்பதில்லை, அதில் கூட்டல் கழித்தல் பொருளற்றது. நட்சத்திரத்தின் நடுப்பிக்சல் உச்ச மதிப்பில் போய் முட்டியிருந்தால் அந்த நட்சத்திரத்தை விடுங்கள். கைபேசி வீடியோவில் தானியங்கி எக்ஸ்போஷரைப் பூட்டாவிட்டால், செயற்கைக்கோள் பொலிவாகும்போது கேமரா தானே படத்தை இருட்டாக்கிவிடும், உங்கள் வரைபடம் தட்டையாக வரும்.

பக்கத்தில் நின்றவர் வேறு எண் சொல்கிறார்

0.3 வரை இருந்தால் விட்டுவிடுங்கள், அது மனிதக் கண்ணின் சாதாரண வேறுபாடு. அதற்கு மேல் போனால், முதலில் இருவரும் எவ்வளவு நேரம் இருட்டில் இருந்தீர்கள் என்று பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அடுத்து, மங்கலானதை ஒருவர் நேராகவும் மற்றவர் ஓரக்கண்ணாலும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஓரக்கண்ணுக்கு அது பொலிவாகத் தெரியும். நட்சத்திரத்தையும் செயற்கைக்கோளையும் ஒரே மாதிரிப் பார்த்தால் பாதகமில்லை, ஒன்றை நேராகவும் ஒன்றை ஓரத்திலும் பார்த்தால்தான் வம்பு.

இருவரும் சத்தமாக எண்ணைச் சொல்லிக்கொள்ளாமல் தனித்தனியாக எழுதுங்கள். பதினைந்து இருபது வருகைகள் சேர்ந்ததும் இரண்டு பத்திகளையும் கழித்துப் பாருங்கள். என் கூட்டாளி என்னை விட எப்போதும் 0.2 பொலிவாகவே எழுதுவார்; ஆறு வருஷமாக அந்த 0.2 அசையவில்லை. அவர் பத்தியை நாங்கள் திருத்துவதில்லை, மேலே "+0.2" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.